கோல் அண்ணன் சொல்லாதது

எங்கள் வீட்டில் பத்திரிகைத் துறை படித்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி உருப்பட்டாள், இன்னொருத்தி ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். இதைச் சொல்வது என் அக்கா. அவள் நாளிதழில் நிருபர். நான் ஒரு பெரிய மருத்துவமனையில் மக்கள் தொடர்பு அதிகாரி. அதிகாரி என்றதும் கண்ணாடி அறை, சுழல் நாற்காலி என்றெல்லாம் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தரைத்தளத்தில் சலவைப் பிரிவுக்கும் மருந்துக்கடைக்கும் நடுவே, முன்பு சக்கர நாற்காலிகளை நிறுத்திவைத்திருந்த அறைதான் என்னுடையது. பழக்க தோஷத்தில் இன்றைக்கும் யாராவது ஒரு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வெளியே போக வேண்டுமென்றால் முதலில் அதைத் தள்ள வேண்டும்.

அம்மாவுக்கு என் வேலை இன்னும் பிடிபடவில்லை. "எம்பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்கா" என்று தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். புதிதாகக் கேட்பவர்கள், "அடடா, என்ன உடம்புக்கு?" என்கிறார்கள். தெரிந்தவர்கள் அதைவிட மோசம். மாடிப்படியில் வழிமறித்து நாக்கை நீட்டுகிறார்கள், முழங்கையில் உள்ள தடிப்பைக் காட்டுகிறார்கள். "நான் படிச்சது பத்திரிகைங்க" என்றால், "அதனால என்ன, சும்மா பாத்துச் சொல்லு" என்கிறார்கள். நானும் பார்த்துத் தொலைக்கிறேன்.

என் வேலை இதுதான். யாருக்காவது அரிய அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால், அதை எல்லாருக்கும் புரிகிற தமிழில் ஒரு பக்கம் எழுதிப் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிகளுக்கும் அனுப்ப வேண்டும். பெரிய விஷயமென்றால் செய்தியாளர் சந்திப்பு. மேடையில் இயக்குநர் நடுவில், மருத்துவர்கள் இரண்டு பக்கமும், குணமானவர் ஓரத்தில். எங்கள் இயக்குநருக்கு ஊழியர்கள் வைத்த பெயர் ரிப்பன். புதுக் கட்டடத்துக்கு ரிப்பன் வெட்டினால் சரி. இந்த மனிதர் லிஃப்டுக்கும் வெட்டுவார், குடிதண்ணீர் இயந்திரத்துக்கும் வெட்டுவார். சலவைப் பிரிவில் துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வெட்டியபோது ரிப்பன் அதற்குள்ளேயே சிக்கி, இயந்திரம் அன்றைக்கே பழுதுபார்க்கப் போனது. கெட்டவர் இல்லை. கேமராவைக் கண்டால் மட்டும் ஆளே மாறிவிடுவார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. செய்திக் குறிப்பை நிகழ்ச்சிக்கு முன்பே எழுதிவிடுவோம். மேடையில் யார் என்ன பேசுவார் என்பதையும் சேர்த்துத்தான். இயக்குநர் "பெருமிதத்துடன் தெரிவித்தார்", மருத்துவர் "விளக்கினார்", குணமானவர் "தழுதழுத்த குரலில் கூறினார்". குணமானவருக்காகவே கைவசம் ஒரு வாக்கியம் வைத்திருந்தேன்: "இது எனக்கு மறுபிறவி. இந்த மருத்துவமனை எனக்குத் தாய்மடி." இதயத்தில் வால்வு மாற்றியவரும் அதைத்தான் சொன்னார், முட்டி மாற்றியவரும் அதைத்தான் சொன்னார். அவர்கள் வாய் திறப்பதற்கு முன்பே நான் எழுதிவைத்ததுதான். மேடையில் ஏறியதும் அவர்கள் பாவம், "நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஏண்டி, உங்க ஆஸ்பத்திரியில யாருமே சாதாரணமா உடம்பு சரியாகி வீட்டுக்குப் போகமாட்டாங்களா? வர்றவங்க எல்லாம் செத்துத்தான் பொறக்கணுமா?" என்று அக்கா கேட்டாள்.

"உனக்கென்ன? அனுப்புறதைப் போட வேண்டியதுதானே."

"போடுறேனே. நீ ஒரு பக்கம் அனுப்பு, நான் மூணு வரி போடுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது? நான்கு வருஷத்தில் என் குறிப்பு ஒன்றைக்கூட அவள் முழுதாகப் போட்டதில்லை. கூடப்பிறந்தவளே போடாவிட்டால் வேறு யார் போடுவார்கள்?

இப்படி இருக்கும்போதுதான் கோல் அண்ணன் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

கோல் அண்ணனைத் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் குறைவு. வாரநாட்களில் விளையாட்டுச் சாமான் கடையில் ஷூ விற்பார். வார இறுதியில் மைதானத்தில் மைக்கைப் பிடித்துக் கால்பந்து வர்ணனை. பந்து ஒரு பக்கம் ஓடும், அவர் வாய் அதற்கு முன்னால் ஓடும். கோல் விழுந்துவிட்டால் "கோஓஓஓல்" என்று அவர் இழுக்கிற இழுப்பில், நாலு தெரு தள்ளிக் குழந்தையைத் தூங்கவைப்பவர்கள் எல்லாம் அவர் பரம்பரையையே திட்டுவார்கள். அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. உயிருக்கு ஆபத்தான கட்டி இல்லை. ஆனால் குரல்நாணை அமுக்கிக்கொண்டு சட்டமாக உட்கார்ந்துவிட்டது. முதலில் கரகரப்பு, அப்புறம் கிசுகிசுப்பு, அதற்கும் பிறகு வெறும் காற்று. அப்படியே ஐந்து மாதம் கழித்துவிட்டு, கடைசியில்தான் அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்டார்.

கட்டியை எடுத்தவர் எங்கள் தொண்டை டாக்டர். ஒல்லியான அம்மா, வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். என்னைப் "பத்திரிகை" என்றுதான் கூப்பிடுவார்.

"பத்திரிகை, எழுதிக்கோ. கட்டி போயாச்சு. குரல் வரணும். எப்ப வரும்னு கேக்காதே. அதுவா வரும். புண்ணு ஆறுறதுக்கு முன்னாடி முக்கிக் கத்தினார்னா, கிழிஞ்சிடும். கிழிஞ்சா போனது போனதுதான். அப்புறம் நானும் ஒண்ணும் பண்ண முடியாது."

பேசக்கூடாதே தவிர, கோல் அண்ணன் சும்மா இருக்கிற ஆளா? ஆட்டக்காரரை எச்சரிக்க மஞ்சள், வெளியேற்றச் சிவப்பு என்று நடுவர்கள் வைத்திருக்கும் இரண்டு அட்டைகளும் அவர் சட்டைப்பையில் இருந்தன. ஊசியோடு வரும் நர்ஸுக்கு மஞ்சள். உப்பில்லாத சூப்புக்குச் சிவப்பு. ரிப்பன் ஒரு நாள் நலம் விசாரிக்க வந்து, கேமராவைப் பார்த்தபடியே அவர் கையைக் குலுக்கிக்கொண்டே நின்றார், விடவேயில்லை. கோல் அண்ணன் மற்றக் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, கூடுதல் நேரம் முடிந்தது என்பதுபோல் ஊதல் ஊதுகிற பாவனை காட்டினார். அந்த வார்டே குலுங்கிச் சிரித்தது. ரிப்பனும் சிரித்தார், ஏன் என்று தெரியாமலே.

அவர் மனைவியை நான் அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தேன். தையல்காரர். கால்பந்து அணிகளுக்குச் சட்டை தைப்பார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டை முதுகில் எண்களை வைத்துத் தைத்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் நூலைப் பல்லால் கடித்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"எல்லாரும் இவர் மறுபடி கோல்னு கத்துறதைக் கேக்கணும்னு காத்துட்டிருக்காங்க. எனக்கு அதெல்லாம் வேணாம்மா. காலையில கடைக்குக் கெளம்புறப்ப ‘வர்றேன்டி’ன்னு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போவார். இத்தனை வருஷமா அதைக் காதுலயே வாங்கினதில்ல. இப்போ கதவு சாத்துற சத்தம் மட்டும் கேக்குது. அந்த ஒண்ணு திரும்பி வந்தா போதும் எனக்கு."

கோல் அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு நிருபர் காதில் இப்படி ஒரு பேச்சு விழுந்தால் உடனே எழுதிக்கொள்வாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழே போய், வழக்கம்போல "மறுபிறவி" என்று தட்டச்சு செய்தேன். புத்தி அப்படி!

ரிப்பனுக்கு ஓர் ஆசை பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை செய்தியாளர் சந்திப்பு வைக்க வேண்டும், கோல் அண்ணனின் முதல் வார்த்தை அந்த மேடையில் வர வேண்டும். "நினைச்சுப் பாரும்மா! எல்லாக் கேமராவும் ஓடிட்டிருக்கும். அவர் வாயைத் திறப்பார். பக்கத்துல நான்!" என்றார். டாக்டர், "வந்தா வரும்" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். பேச்சுப் பயிற்சி தரும் பெண் தினமும் காலையில் "ம்" சொல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை காலையிலும் காற்றுதான் வந்தது.

வியாழன் மதியம் நான் குறிப்பை முடித்தேன். "மௌனம் கலைந்தது! மீண்டும் பேசினார் கோல் அண்ணன்" என்று தலைப்பு. கீழே மறுபிறவி, தாய்மடி, தழுதழுத்த குரல், எல்லாம் அதனதன் இடத்தில். இதை இயக்குநரின் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். என் கணினியில் இரண்டு முகவரிக் குழுக்கள். ஒன்று ஒப்புதலுக்கு, இன்னொன்று எல்லாப் பத்திரிகைகளுக்கும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். சரியாக அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன்.

"ஏண்டி, எதிர்வீட்டு அத்தைக்கு முட்டியை மடக்கினா ‘டொக்’குனு சத்தம் வருதாம். என்ன பண்றது?"

"மடக்க வேணாம்னு சொல்லும்மா."

"இதைச் சொல்றதுக்கா நாலு வருஷமா ஆஸ்பத்திரியில இருக்கே? அத்தை பக்கத்துலதான் நிக்கிறா. மடக்கிக் காட்டுறா, கேளு."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு அத்தையின் முட்டியைக் கேட்டேன். டொக் என்றுதான் கேட்டது. கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்திவிட்டு, டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்து, வாசலில் நின்ற சக்கர நாற்காலியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து பார்த்தால், திரை முழுக்கப் பதில்கள். "நன்றி மேடம், போட்டாச்சு." "அருமையான செய்தி, இணையத்தில் ஏற்றிவிட்டோம்." ஐயையோ! எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரு வார்த்தையும் பேசாத மனிதரை ஊர் முழுக்கப் பேசவைத்துவிட்டேன்.

தகவல் தெரிந்து ரிப்பன் ஓடிவந்தார். திட்டுவார் என்று பார்த்தால் முகத்தில் அப்படி ஒரு களை.

"ஒண்ணும் குடிமுழுகிப் போயிடலம்மா. நாளைக்கு மேடையில அவர் ஒரு வார்த்தை பேசிட்டார்னா, இந்த நியூஸ் தானா உண்மையாயிடும்."

"வரலைன்னா சார்?"

"ஒரே ஒரு வார்த்தைம்மா. கொஞ்சம் முக்கிப் பேசச் சொல்லு. என்ன இப்போ?"

டாக்டர் சொன்ன "கிழிஞ்சிடும்" என் காதுக்குள் கேட்டது. நான் பதில் சொல்வதற்குள் வாசல் பக்கம் மேளச்சத்தம். எட்டிப் பார்த்தால், மைதானத்துக் கூட்டம் மொத்தமும் மருத்துவமனை கேட்டில் நிற்கிறது. கழுத்துத் துண்டும் கொடியும் கொட்டுமாக, "அண்ணே, ஒரு கோல் சொல்லுங்கண்ணே!" என்று ஒரே கூச்சல். ரிப்பன் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு அவர்களை வரவேற்கப் போனார்.

அவர் போன வழியாக அண்ணி வந்தார். தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வரக் கடைவீதிக்குப் போயிருந்தவர், பாதியில் திரும்பியிருக்கிறார். கையில் போன். என்னைப் பார்த்துக்கொண்டே வாசலிலிருந்த சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கன்னத்தில் நான்கு அறை விழும் என்று நினைத்தேன். விழுந்திருந்தால் தேவலை.

"தழுதழுத்த குரல்னு போட்டிருக்கே," என்றார் மெதுவாக. "எப்படிம்மா இருந்துச்சு அந்தக் குரல்? முன்ன மாதிரியே இருந்துச்சா?"

நான் எழுந்து அவர் பக்கத்தில் போனேன். அவரே தொடர்ந்தார்.

"காலையிலகூடக் காத்துதான் வந்துச்சு. நான் அந்தப் பக்கம் போன நேரம் பாத்துப் பேசிட்டார்போல. பரவால்ல, பேசினாரே. எங்கிட்ட முதல்ல பேசுவார்னு நெனச்சிட்டிருந்தேன், அவ்வளவுதான்."

"அண்ணி, அவர் பேசல. அது நான் எழுதினது."

"அவர் பேசுறதை நீ எழுதுவியா?"

"எங்க வேலையில வழக்கம் அப்படித்தான் அண்ணி. முன்னாடியே எழுதிவெச்சிடுவோம்."

அண்ணி போனை இன்னொரு தரம் படித்தார். "அதானே. அந்த மனுஷன் சாகக் கெடந்தாலும் தாய்மடின்னெல்லாம் பேசமாட்டார்." என்று சொல்லிவிட்டு, மேளச்சத்தம் வந்த பக்கம் திரும்பினார். அப்போதுதான் அவர் முகம் மாறியது. "ஐயோ, இவங்க கத்துறது அவர் காதுல விழுந்துட்டா! உனக்கு அவரைத் தெரியாதும்மா. கூட்டத்தைக் கண்டா தன்னை மறந்துடுவார். இவங்களுக்காகவே தொண்டையைக் கிழிச்சுக்குவார்."

அதற்கு மேல் எனக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் கேட்டுக்கு ஓடினோம். அங்கே ரிப்பன் கையசைத்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டிப் போய்க் கூட்டத்திடம் சொன்னேன்: "அண்ணன் இன்னும் பேசல. நான்தான் தப்பா அனுப்பிட்டேன். நீங்க கூப்பிட்டா அவர் கத்துவார். கத்தினார்னா இனிமே எப்பவும் கேக்க முடியாது." பெரிய மேளத்தைக் கழுத்தில் மாட்டியிருந்தவர் அதைக் கழற்றி மெதுவாகத் தரையில் வைத்தார். எல்லாரும் அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துகொண்டார்கள். கால்பந்து ரசிகர்கள் அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததேயில்லை.

அறைக்குத் திரும்பி எழுத உட்கார்ந்தேன். "இன்று மதியம் நாங்கள் அனுப்பிய செய்தி தவறு. கோல் அண்ணன் இன்னும் பேசவில்லை. அவர் கூறியதாக அதில் உள்ளவற்றை அவர் கூறவில்லை, நான் எழுதினேன். அவர் குரல் வரும்போது வரும்." இதை ஒப்புதலுக்கு அனுப்பவில்லை. இந்தத் தடவை தெரிந்தே, எல்லாப் பத்திரிகைக்கும் அனுப்பினேன்.

ரிப்பன் பாய்ந்து வந்தார். "மறுப்பா? ஆஸ்பத்திரியே மறுப்பு அனுப்புறதா? நம்ம சரித்திரத்துலயே இது முதல் தடவை!"

"அப்போ இதுக்கும் ஒரு ரிப்பன் வெட்டிடுங்க சார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். சலவைப் பிரிவு வாசலில் போர்வை மடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. ரிப்பன் என்னை உற்றுப் பார்த்தார். வேலை போயிற்று என்று முடிவு செய்துவிட்டேன். நல்ல வேளையாகத் தொண்டை டாக்டர் அந்தப் பக்கம் வந்தார். விஷயத்தை நின்றபடியே கேட்டார்.

"நாளைக்கு என் பேஷண்டை யாராவது பேசச் சொன்னா, அடுத்த ஆபரேஷன் அவங்க தொண்டையிலதான்," என்றார். பிறகு என்னிடம், "பத்திரிகை, நல்லா எழுதியிருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவின் போன். கிண்டல் செய்வாள் என்று தயாராக இருந்தேன். "நாலு வருஷத்துல இன்னிக்குத்தான்டி நீ ஒரு நியூஸ் அனுப்பியிருக்கே," என்றாள். "நாளைக்கு நானே வர்றேன்."

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் உட்கார இடமில்லை. ஒரு மருத்துவமனை வாயைத் திறந்து "தப்பு எங்களுது" என்று சொல்வதைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? ரிப்பன் நடுவில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். டாக்டர் ஒரு பக்கம், பேச்சுப் பயிற்சிப் பெண் இன்னொரு பக்கம். நான் எழுந்து மறுப்பை வாசித்தேன். முன்வரிசையில் இருந்த அக்கா கையைத் தூக்கினாள். பாவி!

"இதுக்கு முன்னாடி நீங்க அனுப்பின செய்திகள்லயும் நிறைய மறுபிறவி இருந்துச்சே. அதெல்லாம்?"

"அத்தனையும் என் சொந்தத் தயாரிப்பு," என்றேன். "இனிமே உற்பத்தி நிறுத்தம்."

அரங்கம் சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்கதவு திறந்தது. கோல் அண்ணன். தன் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, அண்ணி பின்னால் வர, நெஞ்சை நிமிர்த்தி நடந்து வந்தார். யாரும் அவரை அழைக்கவில்லை. "வந்தே தீருவேன்னு ஒரே அடம். நான் என்ன பண்ணட்டும்?" என்றார் அண்ணி. கேமராக்கள் எல்லாம் திரும்பின. டாக்டர் விரலை உதட்டில் வைத்து அவரை எச்சரித்தார். அவர் நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினார். என் பக்கம் வந்து கையை நீட்டினார். என் கையில் மறுப்போடு இருந்த முதல் குறிப்பு அவருக்கு வேண்டுமாம். நேற்றிலிருந்து அண்ணி அதை அவர் கண்ணில் காட்டவில்லை.

கொடுத்தேன். படித்தார். சட்டைப்பையில் கைவிட்டு, ரொம்ப நிதானமாக, சிவப்பு அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். ஒரே கைதட்டல். நான் தலைகுனிந்து மைதானத்தை விட்டு வெளியேறுகிற ஆட்டக்காரிபோல வாசலுக்கு நடந்தேன். அவர் விரலைச் சொடுக்கித் திரும்பக் கூப்பிட்டார். படித்து முடிக்கவில்லையாம். "தாய்மடி" வரியில் விரலை வைத்தார். காகிதத்தைப் பார்த்தார். மேடையில் உட்கார்ந்திருந்த ரிப்பனைப் பார்த்தார். பிறகு ரிப்பனின் மடியைப் பார்த்தார்.

அவ்வளவுதான். தோள் குலுங்க ஆரம்பித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் சிரித்தார். வெறும் காற்று. கண்ணில் நீர் வந்தது. அப்போது அந்தக் காற்றுக்கு நடுவே ‘க்’ என்று ஒன்று கேட்டது. மறுபடியும் ஒரு ‘க்க்’.

"டாக்டர்! சத்தம்! சிரிப்புல சத்தம் வருது!" பேச்சுப் பயிற்சிப் பெண் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

டாக்டர் கையைத் தூக்கினார். கோல் அண்ணனுக்கும் அது கேட்டிருந்தது. சிரிப்பு நின்றது. கையைத் தொண்டையில் வைத்துக்கொண்டார். அவ்வளவு கேமராவும் அவருக்கு முன்னால் இருந்தன. அவர் அவற்றில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி அண்ணியைப் பார்த்தார். காகிதத்தை அவரிடம் ஆட்டிக் காட்டினார்.

"இத... நான்... சொல்லலடி."

சின்னக் குரல். எண்ணெய் போடாத கதவுபோலக் கரகரப்பு. மைக்கில்கூட விழவில்லை. ஆனால் குரல்! சந்தேகமே இல்லாத குரல்!

"தெரியும்," என்றார் அண்ணி. "உங்களை எனக்குத் தெரியாதா?" சொல்லிவிட்டு நாற்காலியைத் தேடினார், கிடைக்கவில்லை. அப்படியே அவர் தோளில் சாய்ந்து அழுதார். அப்புறம் அரங்கத்தில் நடந்ததை எழுத எனக்குத் தெம்பில்லை. நிருபர்கள் கைதட்டினார்கள், ஒருவர் கேமராவை விட்டுவிட்டு விசிலடித்தார். விஷயம் கேட்டுக்குப் போய், ஒரு நாள் முழுக்க அடக்கிவைத்திருந்த மேளமெல்லாம் ஒன்றாக முழங்கின. நான் தேம்பித் தேம்பிச் சிரித்தேன். அழுதேன் என்றும் சொல்லலாம்.

மேளத்தைக் கேட்டதும் கோல் அண்ணன் மூச்சை இழுத்து மறுபடி வாயைத் திறந்தார். "போதும். வாயை மூடுங்க," என்றார் டாக்டர். அவர் வாயை மூடிக்கொண்டு, டாக்டருக்கு மஞ்சள் அட்டை காட்டினார்.

எல்லாரும் கலைந்த பிறகு ரிப்பன் என் அறைக்கு வந்தார். நான் புதுக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்ற சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்து, தொண்டையைச் செருமினார்.

"‘மறுபிறவி’ ஒண்ணே ஒண்ணு சேத்துக்கலாமாம்மா?"

"சார்."

"சரி சரி. நான் பெருமிதத்துடன் தெரிவிச்சேன்ல, அது இருக்கா?"

"நீங்க ஒண்ணும் தெரிவிக்கல சார். நீங்க அழுதீங்க. அதைத்தான் எழுதியிருக்கேன்."

"அழுதது படத்துல வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்."

"அப்போ போடு," என்றார். எழுந்து போகும்போது வாசலில் நின்று, "ரிப்பன்னு பேர் வெச்சது யாருன்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சாகணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அது யாரென்று எனக்கும் தெரியாது.

குறிப்பை அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"முழுசாப் போடுறேன்டி. ஒரு வரி வெட்டல. ஒரு சந்தேகம் மட்டும். அவர் சொன்னது சரியா என்ன? கேமராக்காரர் நடுவுல நின்னதுல எனக்குச் சரியாக் காதுல விழல."

"‘இத நான் சொல்லலடி.’"

"கடைசியில ‘டி’ உண்டா?"

"உண்டு."

"ஆசிரியர் அதை எடுத்துடலாம்கிறார். மரியாதையா இல்லையாம். ‘நான் அவ்வாறு கூறவில்லை என்றார்’னு போட்டா போதுமாம்."

அறைக்கு வெளியே தாழ்வாரத்தில் அண்ணியும் கோல் அண்ணனும் மருந்துக்கடை முன்னால் நின்றிருந்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை, டாக்டர் உத்தரவு. அண்ணிதான் பேசிக்கொண்டே இருந்தார், நடுநடுவே சிரித்துக்கொண்டு.

"அந்த ‘டி’யை எடுத்தீங்கன்னா," என்றேன், "நாளைக்குக் காலையில உங்க ஆசிரியர் மேஜையில என் மறுப்பு இருக்கும்."

மறுநாள் முதல் பக்கத்தில் அந்த ‘டி’ இருந்தது. கொட்டை எழுத்தில்.